சொந்தத்துக்குள் கலியாணம் செய்த ஊரில் டி.என்.ஏ. ஆளைப் பிரித்துக் காட்டுமா?

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி ஒருக்கால் திருப்பிச் சொல்கிறேன். உங்கள் அண்ணா 1996 இல் காணாமற்போனவர். அதே கிழமை உங்கள் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரும் போனார். யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 இல் எடுத்த எலும்புக்கூடுகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்வது பற்றிக் கதை அடிபடுகிறது. உங்கள் ஊரிலோ தலைமுறை தலைமுறையாக மச்சான் மச்சாள் கலியாணம்தான். "எல்லாரும் ஒரே இரத்தம் எண்டால் டி.என்.ஏ. யாரை யாரெண்டு பிரிக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா போன வருடம் காலமாகிவிட்டார், இனிச் சோதித்து என்ன பயன் என்று அடியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். என் கணக்கில் முதல் கேள்வியை விட அந்த அடிவரிதான் பெரிய கேள்வி. ஆனால் முதலாவதுக்குப் பதில் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. தந்தைமைச் சோதனையும் உறவுமுறைச் சோதனையும் செய்கிற ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் வேலை பார்த்தவன், பிறந்து வளர்ந்தது வடமராட்சி. செம்மணி அகழ்வில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. எலும்பில் வேலை செய்தது கொஞ்சம்தான், சட்டம் என் தொழிலும் அல்ல. அந்த அளவில் இதை வாசியுங்கள்.

சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததால் ஆளை ஆள் பிரிக்க முடியாமல் போகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனிதனின் டி.என்.ஏ.யில் கிட்டத்தட்ட 320 கோடி எழுத்துகள். உறவில்லாத இரண்டு பேரை ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற வீதத்தில், முப்பது இலட்சம் இடமளவில் வித்தியாசம் இருக்கும். இந்த வித்தியாசம் எங்கே கிடக்கிறது என்று 1972 இல் ரிச்சர்ட் லெவொன்டின் என்ற அமெரிக்க மரபியலாளர் கணக்குப் பார்த்தார். மனித இனத்தின் மொத்த வேறுபாட்டில் 85 வீதமளவு ஒரே சனக்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று வந்தது. 2002 இல் உலகெங்கும் 52 சனக்கூட்டங்களை எடுத்து, குற்றவியல் ஆய்வுகூடங்கள் பார்க்கிற அதே வகை இடங்களைக் கொண்டு செய்த ஆய்வில் அது 93 முதல் 95 வீதம் வரை போனது. அதாவது உங்களுக்கும் ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடையிலேயே, மனிதருக்குள் இருக்கக்கூடிய வேறுபாட்டின் பெரும்பங்கு அடங்கிவிடுகிறது. ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே கோயில் திருவிழா என்பதெல்லாம் இந்தக் கணக்கைப் பெரிதாக அசைப்பதில்லை.

சொந்தக் கலியாணம் அசைப்பது எவ்வளவு என்றும் பார்க்கலாம், அதுவும் கணக்குத்தான். மச்சானும் மச்சாளும் கட்டிப் பிறந்த பிள்ளைக்கு, தாய்வழியாகவும் தகப்பன்வழியாகவும் ஒரே மூதாதையின் ஒரே பிரதி வந்து சேரும் இடங்கள் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு. மிச்சம் பதினைந்து பங்கும் மற்றப் பிள்ளைகளுக்குப் போலத்தான். தாய்மாமன் மருமகளைக் கட்டினால் அது எட்டில் ஒன்றாகக் கூடும். தமிழ்நாட்டில் சில பகுதிகளில் அது வழக்கம், எங்களிடம் இல்லை, இலங்கை விவாகப் பதிவுச் சட்டமும் சகோதரியின் மகளைக் கட்டுவதைத் தடுக்கிறது. தலைமுறை தலைமுறையாக நடந்தால் இந்தப் பங்கு மெல்லக் கூடும் என்பது உண்மை. தெற்காசியாவின் பல சாதிக் குழுக்களில், சிறிய தொகை முன்னோரிலிருந்து பெருகிய அடையாளம் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதரிலும் பின்லாந்துக்காரரிலும் பார்ப்பதை விட அழுத்தமாக இருக்கிறது என்று 2017 இல் ஓர் ஆய்வு காட்டியது. பரம்பரை நோய்களுக்கு அது பெரிய விஷயம். ஆளடையாளத்துக்கு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை.

ஏன் என்பதற்கு ஆய்வுகூடத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் 320 கோடி எழுத்தையும் வாசிப்பதில்லை. சிறிய எழுத்துக்கூட்டம் ஒன்று திரும்பத் திரும்ப வருகிற சில இடங்கள் இருக்கின்றன. எத்தனை தரம் திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். 11ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) டி.எச்.01 என்று ஓர் இடம், அங்கே நான்கு எழுத்துக் கூட்டம் ஒருவருக்கு ஆறு தரமும் இன்னொருவருக்கு ஒன்பது தரமும் வரும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, ஆக ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண். அமெரிக்காவில் 1998 இல் 13 இடங்களோடு தொடங்கி 2017 இல் இருந்து 20 இடங்கள் பார்க்கிறார்கள், இப்போது விற்பனைக்கு வருகிற பரிசோதனைத் தொகுதிகளிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஓர் இடத்தில் ஒரு எண் பத்துப் பேருக்கு ஒருவரில் வருகிறது என்று வைத்தால், இரண்டு பக்கமும் அதே எண் வாய்ப்பது நூற்றுக்கு ஒன்று. சனம் தங்களுக்குள் கட்டிக்கொள்கிற ஊர் என்றால் இந்தக் கணக்கு ஆளுக்கு அநியாயமாகப் போகும் என்பதால் ஒரு திருத்தம் போடுவார்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1996 இல் இதற்கு வழி சொன்னது, கணக்கில் சேர்க்கும் திருத்த எண் சாதாரண சனத்துக்கு 0.01, ஒதுங்கி வாழும் சிறு கூட்டத்துக்கு 0.03. அந்த 0.03 ஐப் போட்டால் மேலே சொன்ன நூற்றில் ஒன்று முப்பத்தேழில் ஒன்றாக இறங்கும். நல்ல இறக்கம்தான். ஆனால் இருபது இடங்களை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு போகும்போது, அந்த இறக்கத்துக்குப் பிறகும் கிடைக்கும் எண் உலகத்துச் சனத்தொகையான 800 கோடியை விட எத்தனையோ மடங்கு பெரிது. கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும் இருபது இடத்திலும் ஒத்துப்போவதே கோடியில் ஒன்று என்ற அளவுக்கு அபூர்வம், ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்தான் விதிவிலக்கு.

சரி, பிறகு எங்கே சிக்கல்? இதுவரை சொன்னது, அண்ணாவின் சொந்த டி.என்.ஏ. ஏற்கெனவே கையில் இருந்தால். அது யாரிடமும் இல்லை. அதனால் எலும்பை அண்ணாவோடு ஒப்பிட முடியாது, அண்ணாவின் உறவுக்காரரோடுதான் ஒப்பிட முடியும். இது வேறு வகைக் கேள்வி. பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டு "99.99 வீதம் உறுதி" என்று எழுதிவிடுவது எனக்குப் பெரிய எரிச்சல். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஓர் எண் ஒத்தே ஆக வேண்டும். இடையில் விகாரம் (பிள்ளைக்குப் போகும்போது எண் தற்செயலாக மாறுவது) நடந்து ஒரு இடத்தில் மாறியிருக்கலாம், அது ஆயிரம் பிறப்பில் ஒன்று இரண்டு என்ற அளவில் நடப்பது. ஒரேயொரு இடம் ஒக்கவில்லை என்பதற்காக "பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட மாட்டோம். ஆனால் சகோதரங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஓர் இடத்தில் இரண்டு எண்ணும் ஒன்றாக வரலாம், ஒன்று மட்டும் வரலாம், நாலில் ஒரு வாய்ப்பில் ஒன்றுமே பொதுவாக இல்லாமலும் போகலாம். உறவில்லாதவர் என்பதை விடச் சகோதரம் என்பது எத்தனை மடங்கு பொருந்துகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் கணக்கு. சில சகோதரங்களைப் பார்த்தால் அது இலட்சத்தில் வந்து நிற்கும், சில சகோதரங்களுக்கு நூறு கூட வராது. ஒரே தாய் தகப்பன் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தும் அப்படித்தான் வரும்.

இதற்குமேல் எண்ணிக்கை வேறு. செம்மணியில் கிடைத்தது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு பேச்சுக்கு இரண்டாயிரம் குடும்பம் மாதிரி கொடுத்தால், நாலு இலட்சம் சோடிகளை ஒப்பிட வேண்டிவரும். பத்தாயிரத்தில் ஒன்று என்பது தனியாகக் கேட்க உறுதியாக இருக்கும், நாலு இலட்சம் தரம் பார்க்கும்போது அந்தளவு ஒற்றுமை தற்செயலாகவே பத்து, இருபது, நாற்பது தரம் கூட எட்டிப் பார்க்கலாம். பிழையான குடும்பத்திடம் எலும்பைக் கொடுக்கிற விபத்து இங்கேதான் நடக்கும். அதனால்தான் பொஸ்னியாவில் காணாமற்போனோர் தொடர்பான சர்வதேச ஆணைக்குழு ஒரு குடும்பத்தில் ஒருவரிடம் மட்டும் வாங்காமல் முடிந்தவரை பலரிடம் இரத்தம் வாங்கியது. ஸ்ரெப்ரெனிக்காவில் 1995 இல் கொல்லப்பட்டவர்கள் எண்ணாயிரம் பேரளவு. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறவினரின் மாதிரி சேர்த்துத்தான் அவர்களில் பெரும்பாலானோரை அடையாளம் கண்டார்கள்.

உங்கள் ஊர்க் கலியாண முறை உண்மையாகக் குழப்பும் இடமும் இதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. மாற்றுச் சம்பந்தம் எங்களிடம் நிறைய: அண்ணனுக்கு அந்த வீட்டுப் பெட்டை, தங்கச்சிக்கு அந்த வீட்டுப் பெடியன். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இரட்டை மச்சான்மார். சாதாரண மச்சான்மாருக்கு எட்டில் ஒரு பங்கு பொது என்றால் இவர்களுக்கு நாலில் ஒரு பங்கு, தகப்பன் மட்டும் ஒன்றாக இருக்கும் அரைச் சகோதரங்களுக்கு உள்ள அதே அளவு. ஒரேயொரு சகோதரத்தின் மாதிரியை வைத்துக்கொண்டு எலும்பு கூடப்பிறந்தவருடையதா இரட்டை மச்சானுடையதா என்று கேட்டால், இருபது இடம் சில வேளை கையை விரித்துவிடும். அப்போது வேறு இரண்டு சாட்சிகளைக் கூப்பிடலாம். கலத்துக்குள் இருக்கும் இழைமணியின் (மைட்டோகொண்ட்ரியாவின்) டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வருவது, வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. மாற்றுச் சம்பந்தத்துப் பெடியன்கள் இருவருக்கும் தாய்வழியும் வேறு, தகப்பன்வழியும் வேறு, ஆக இரண்டு சாட்சியும் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் அக்காவும் தங்கச்சியும் ஒரே வீட்டு அண்ணனையும் தம்பியையும் கட்டியிருந்தால் கதை வேறு. அங்கே பிள்ளைகளுக்குத் தாய்வழி, தகப்பன்வழி இரண்டும் ஒன்றே, இந்த இரண்டு சாட்சியும் வாயைத் திறக்காது. அண்ணாவும் ஒன்றுவிட்ட தம்பியும் இதில் எந்த வகை என்பதை நீங்கள் எழுதவில்லை. மாதிரி கொடுக்கும்போது அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இழைமணி பற்றி இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. எங்களிடம் பெண்பிள்ளைக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுத்துத் தாய்வீட்டுக்குப் பக்கத்திலேயே இருத்துவது வழமை, மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். நாலைந்து தலைமுறை அப்படி நடந்தால் ஒரு குறிச்சியில் பாதி வீட்டுக்கு ஒரே அம்மம்மாவின் அம்மம்மா வரக்கூடும். அப்படியென்றால் தாய்வழி டி.என்.ஏ. ஒத்துப்போகிறது என்பது அந்தக் குறிச்சிக்குள் பெரிய ஆதாரமே இல்லை, ஒத்துப்போகவில்லை என்பதுதான் பலமான ஆதாரம். ஆய்வு எதையும் வைத்து இதைச் சொல்லவில்லை, என் ஊகம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்த வேலை செய்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய ஊகம் என்று நினைக்கிறேன்.

எலும்பிலிருந்து டி.என்.ஏ. வருமா என்பது தனிக் கதை. குளிரில், காய்ந்த குகையில் கிடந்த எலும்பு ஆயிரக்கணக்கான வருடம் தாங்கும், ஆனால் எங்கள் வெப்பமும், மாரியில் நீர் ஏறிக் கோடையில் வற்றுகிற களப்போரத்து நிலமும் அதற்கு நல்ல இடம் இல்லை. டி.என்.ஏ. இற்றுப்போன நூல் மாதிரிச் சின்னச் சின்னத் துண்டாக அறும். இருபது இடத்தில் நீளமான இடங்கள் முதலில் வாசிக்க முடியாமல் போகும், குட்டையானவை மிஞ்சும். இருபதில் ஒன்பதோ பத்தோதான் வந்தது என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் அதற்கேற்பச் சுருங்கும். அதனால் எந்த எலும்பை எடுப்பது என்பது முக்கியம். கெட்டியான தொடை எலும்பு, சொத்தையில்லாத கடைவாய்ப்பல், காதின் உட்பகுதியைச் சுற்றியிருக்கும் கல்லுப்போன்ற மண்டையோட்டு எலும்பு, இவைதான் நம்பிக்கை தருபவை. விலா எலும்பில் காலத்தைச் செலவழிக்க நான் மாட்டேன். ஒரு கலத்தில் மற்ற டி.என்.ஏ. இரண்டே பிரதி இருக்க, இழைமணியுடையது நூற்றுக்கணக்கில் ஆயிரக்கணக்கில் இருப்பதால் எலும்பு கெட்டுப்போன இடத்திலும் அது பெரும்பாலும் கிடைக்கும். பலவீனமான சாட்சிதான் கடைசிவரை உயிரோடு நிற்கிறது, என்ன செய்வது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எங்கள் சனத்துக்கென்றே உள்ளது. ஆணா பெண்ணா என்று பார்க்க எல்லாப் பரிசோதனைத் தொகுதியிலும் அமெலோஜெனின் என்ற இடத்தைச் சேர்த்திருப்பார்கள். எக்ஸிலும் வையிலும் அதன் நீளம் வேறு, இரண்டும் தெரிந்தால் ஆண், ஒன்றே தெரிந்தால் பெண். ஆனால் சில ஆண்களின் வை நிறமூர்த்தத்தில் அந்தத் துண்டே இல்லை. 1998 இல் வந்த ஆய்வில் இலங்கை ஆண்கள் 24 பேரில் 2 பேருக்கு இல்லை, பிறகு இந்தியாவில் 270 பேரில் 5 பேருக்கு இல்லை. இவர்கள் எல்லாரும் சாதாரண ஆண்கள், ஒரு குறையும் இல்லை, சோதனைதான் அவர்களைப் பெண் என்று காட்டும். எனவே அறிக்கையில் "பெண்" என்று வந்த எலும்புக்கூடு என்பதற்காக அது அண்ணாவாக இருக்காது என்று ஒதுக்கிவிட வேண்டாம். இடுப்பெலும்பைப் பார்த்த சட்ட வைத்திய அதிகாரி என்ன சொன்னார், வை நிறமூர்த்தத்தின் வேறு இடங்களைப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், "எலும்பு தமிழனுடையதா சிங்களவனுடையதா என்று டி.என்.ஏ. சொல்லிவிடும்" என்று எழுதியிருந்தார். ஆளடையாளத்துக்குப் பார்க்கிற இருபது இடமும் அதைச் சொல்லாது. ஆயிரக்கணக்கான இடங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் கண்டங்களுக்கு இடையில் ஓரளவு நன்றாகப் பிரிக்கலாம், அது உண்மைதான். ஆனால் இலங்கைத் தமிழரையும் சிங்களவரையும் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் இரண்டு பகுதியும் நன்றாகக் கலந்தவை, ஒன்றுக்கொன்று கிட்டியவை என்றே காட்டுகின்றன, வேடர்தான் கொஞ்சம் விலகி நிற்கிறார்கள். ஒரு தனி எலும்பைத் தூக்கி இனம் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நான் நம்ப மாட்டேன். எலும்பு எந்தக் காலத்தது என்பதையும் இந்தப் பரிசோதனை சொல்லாது. மன்னார் சதொச வளாகத்தில் 2018 இல் எடுத்த எலும்புகளுக்கு 15 முதல் 17 ஆம் நூற்றாண்டு என்று வந்தது கதிரியக்கக் காபன் சோதனையில், அது வேறு துறை.

இனி அம்மா. தகனம் செய்த சாம்பலில் பயன்படக்கூடிய டி.என்.ஏ. தேறாது. ஆனால் அம்மாவுக்கு எப்போதாவது கட்டி வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருந்தால், அந்தத் தசைத் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து நோயியல் ஆய்வுகூடங்கள் வருடக்கணக்காக வைத்திருப்பது உண்டு. எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம் என்று பழைய கிளினிக் கொப்பிகளில் தேடிப் பாருங்கள். கழுவாத கட்டுப்பல், சீப்பில் வேரோடு நிற்கும் தலைமயிர் இருந்தால் பொலித்தீன் பையில் போடாமல் கடதாசி உறையில் போட்டு வையுங்கள், பொலித்தீனுக்குள் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும். இவை ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அம்மாவின் டி.என்.ஏ. முழுக்கப் போய்விடவில்லை, பிள்ளைகள் உங்களிடம் பங்குபங்காகக் கிடக்கிறது. ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளைத் தேடிய அம்மம்மாக்களுக்கும் அப்பம்மாக்களுக்கும், நடுவில் இருந்த தலைமுறையே இல்லாமல் பேரப்பிள்ளையை எப்படி நிரூபிப்பது என்ற கணக்கை 1984 இல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி முன்னின்று செய்து கொடுத்தார். 1987 இல் அந்த நாடு சட்டம் போட்டு மாதிரிகளைச் சேமித்து வைக்க ஒரு வங்கியே தொடங்கியது, பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்வதற்குள் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் யோசனை. எங்களிடம் இந்த முப்பது வருடத்தில் எத்தனை அம்மாக்கள் போய்விட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு வரும் கோபம் வேறு. ஒரு பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்க்க ஒரு நிமிடம் போதும்.

உங்கள் வீட்டில் யார் யார் கொடுக்கலாம் என்று சொல்கிறேன். அப்பா இருந்தால் அவர்தான் முதல் ஆள். அண்ணாவுக்குப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளை, கூடவே அண்ணியும் கொடுக்க வேண்டும், பிள்ளையில் அண்ணியின் பாதியைக் கழித்தால் மிஞ்சுவது அண்ணாவின் பாதி. பிறகு நீங்கள் சகோதரங்கள் எல்லாரும், ஒருவர் விடாமல். கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களும்தான், ஒரு சகோதரத்துக்கும் மூன்று சகோதரத்துக்கும் கணக்கில் வருகிற வித்தியாசம் சாதாரணமானது இல்லை. அம்மாவின் சகோதரி ஒருவர், அப்பாவின் சகோதரன் ஒருவர். ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டாரையும் தயவுசெய்து கொடுக்கச் சொல்லுங்கள், அவர்கள் கொடுக்காவிட்டால் உங்கள் எலும்பையும் அவர்கள் எலும்பையும் பிரிப்பதுதான் கடினமாகும். குடும்ப மரம் எழுதும்போது தத்தெடுத்தது, இரண்டாம் தாரத்துப் பிள்ளை எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தாலும் சோதனையில் தெரியவரும், தெரியாத காரணத்தால் உண்மையான பொருத்தம் ஒன்றைத் தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. நல்ல ஆய்வுகூடம் அதை வெளியே கதைக்காது.

காசு கொடுத்துத் தனியார் ஆய்வுகூடத்தில் இப்போதே உங்கள் டி.என்.ஏ.யைப் பார்த்து வைக்கட்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். செம்மணி நீதவான் மேற்பார்வையில் நடக்கிற விஷயம். மாதிரி யாரிடம், யார் முன்னிலையில் எடுத்து, எப்படி முத்திரை வைத்து ஒப்படைத்தார்கள் என்ற பதிவு இல்லாமல் நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் அறிக்கைக்கு அங்கே மதிப்பு இருக்காது. அப்பா வயதானவர், உடம்பு சரியில்லை என்றால் மட்டும், உங்கள் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு அவருடைய மாதிரியை முன்கூட்டியே எடுத்து வைக்கக் கேட்கலாம். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை, எழுதினால் மிச்சத்தைச் சொல்கிறேன்.